மெம்காப்பிக்குள் விழுந்த நிரல்: கூப்பிட்டது யார் என்று டீபக்கருக்கு எப்படித் தெரிகிறது?

கேள்வி சுருக்கமாக இது: "ஓ2 (வேகத்துக்கான ஆப்டிமைசேஷன்) போட்டுக் கம்பைல் செய்த என் சி நிரல், நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பிக்குள் விழுகிறது (கிராஷ் ஆகிறது). பிழை தேடும் கருவியான ஜிடிபி டீபக்கரில் பேக்ட்ரேஸ் (அழைப்புகளின் பட்டியல்) எடுத்தால் முதல் வரியில் நான் கூப்பிடவே கூப்பிடாத ஏதோ ஒரு மெம்மூவ் பெயர். சி லைப்ரரிக்கு டீபக் தகவல் நிறுவவில்லை, ஃபிரேம் பாயிண்டரும் அதில் இல்லை. ஆனாலும் அடுத்த வரியில் என் ஃபங்ஷன் சரியாக வந்து நிற்கிறது. எப்படி? அதேசமயம் நடுவில் வந்திருக்கவேண்டிய என் இன்னொரு ஃபங்ஷனைக் காணோம். வேறொரு லைப்ரரி வழியாகப் போனால் வெறும் கேள்விக்குறிகள்தான் வருகின்றன. இதில் எதை நம்புவது?"

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று எவரும் எங்கும் எழுதி வைப்பதில்லை. இதைப் பற்றி ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் தற்காலிகத் தரவை வைக்கும் நினைவகப் பகுதியில்) இருப்பதெல்லாம் "இந்த ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே போகவேண்டும்" என்ற முகவரிகள் மட்டும்தான். பேக்ட்ரேஸ் என்று டீபக்கர் காட்டுவது இனி நடக்கப்போகும் திரும்புதல்களின் வரிசை. பெரும்பாலும் வந்த வழியும் திரும்பும் வழியும் ஒன்றாகவே இருப்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஆப்டிமைசேஷன் வரும்போதுதான் இரண்டும் பிரிகின்றன.

ஃபிரேம் பாயிண்டர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபங்ஷன் தொடங்கியதும் ஆர்பிபி என்ற ரெஜிஸ்டரின் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) பழைய மதிப்பை ஸ்டாக்கில் தள்ளி, அந்த இடத்தின் முகவரியையே புதிய ஆர்பிபியாக வைத்துக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு ஃபிரேமும் (ஓர் அழைப்புக்கு ஸ்டாக்கில் உள்ள பங்கு) தனக்கு முந்தையதைச் சுட்டும். டீபக்கர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறலாம். 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் ஆப்டிமைசேஷன் போட்டால் ஜிசிசி கம்பைலர் இந்தச் சங்கிலியைக் கட்டுவதில்லை. 32 பிட்டிலும் 2011இல் வந்த ஜிசிசி 4.6 முதல் அப்படித்தான். ஒரு ரெஜிஸ்டர் மிச்சம், ஃபங்ஷனுக்கு இரண்டு மூன்று இன்ஸ்ட்ரக்ஷன் மிச்சம்.

சங்கிலி போனாலும் திரும்பும் முகவரி எங்கும் போய்விடவில்லை. அது ஆர்எஸ்பியிலிருந்து (ஸ்டாக்கின் நுனியைச் சுட்டும் ரெஜிஸ்டர்) ஏதோ ஒரு தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரம் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் பாப்புக்கும் (ஸ்டாக்கில் தள்ளுவதற்கும் எடுப்பதற்கும்) மாறும், ஆனால் எந்த இன்ஸ்ட்ரக்ஷனில் எவ்வளவு என்பது கம்பைலருக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்ததை அது அட்டவணையாகக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறது. ஈஹெச் ஃப்ரேம் என்ற பகுதி அதுதான். ஈஹெச் என்பது எக்ஸெப்ஷன் ஹேண்ட்லிங். சி++ நிரல் ஒரு எக்ஸெப்ஷனை வீசும்போது, அதைப் பிடிக்கும் ஃபங்ஷன் கிடைக்கும்வரை ஓடுகிற நிரலே தன் ஸ்டாக்கில் ஏறிப் போகவேண்டும். அதற்கான வழிகாட்டி இது. ஓடும்போதே தேவைப்படுவதால் நினைவகத்தில் ஏற்றப்படும், ஸ்ட்ரிப் செய்தாலும் (பெயர்களையும் டீபக் தகவலையும் நீக்கினாலும்) அழியாது. 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் சாதாரண சி கோப்புகளுக்கும் ஜிசிசி இதை எழுதுகிறது. எக்ஸெப்ஷனுக்காகப் போட்ட பாதையில் டீபக்கரும் நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் டீபக் தகவல் இல்லாத லைப்ரரியைத் தாண்டியும் அதனால் மேலே ஏற முடிகிறது.

இதை ஒருமுறை கையால் செய்து பார்த்துவிடுவோம். கணக்கு எளிதாக இருக்க முகவரிகளைச் சாதாரண எண்களாகவே வைத்துக்கொள்கிறேன். மெம்காப்பியைக் கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன் இப்படி இருக்கிறது என்று கொள்ளுங்கள்: முதல் இன்ஸ்ட்ரக்ஷன் ஆர்பிஎக்ஸ் ரெஜிஸ்டரைத் தள்ளுகிறது, இரண்டாவது ஆர்எஸ்பியிலிருந்து 32ஐக் கழிக்கிறது, பிறகு உடல். அட்டவணையில் இதற்கு மூன்று வரிகள். நுழைந்த உடனே சிஎஃப்ஏ என்பது ஆர்எஸ்பி+8. புஷ்ஷுக்குப் பிறகு ஆர்எஸ்பி+16, பழைய ஆர்பிஎக்ஸ் சிஎஃப்ஏவுக்கு 16 பைட் கீழே. கழித்தலுக்குப் பிறகு ஆர்எஸ்பி+48. சிஎஃப்ஏ என்றால் வேறொன்றுமில்லை: கால் இன்ஸ்ட்ரக்ஷன் ஓடுவதற்கு முன், கூப்பிட்டவரிடம் ஆர்எஸ்பி என்னவாக இருந்ததோ அதுதான். ஃபங்ஷனுக்குள் எத்தனை புஷ் நடந்தாலும் மாறாத ஒரே புள்ளி அது. திரும்பும் முகவரி எப்போதும் அதற்கு 8 பைட் கீழே.

நிரல் மெம்காப்பிக்குள் விழுந்த நேரத்தில் ஆர்எஸ்பி 5000. மெம்காப்பிக்கு அட்டவணை சொல்வது ஆர்எஸ்பி+8. ஆக சிஎஃப்ஏ 5008, திரும்பும் முகவரி 5000இல் இருக்கிறது. படித்தால் 7221. உங்கள் ஃபங்ஷனில் ஆர்எஸ்பி 5008 என்பதும் தெரிந்துவிட்டது. இப்போது 7221க்கான வரியைத் தேடினால் ஆர்எஸ்பி+48 என்கிறது. சிஎஃப்ஏ 5056, அடுத்த திரும்பும் முகவரி 5048இல், பழைய ஆர்பிஎக்ஸ் 5040இல். இப்படியே ஏறிக்கொண்டு போகலாம். எங்கே நிறுத்துவது? லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் தொடக்கக் குறியீட்டில் "இங்கே திரும்பும் முகவரி கிடையாது" என்று அட்டவணையிலேயே எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் டீபக்கர் நின்றுகொள்ளும்.

ஒரு சின்னப் பொய் சொன்னேன். தேடியது 7221ஐ அல்ல, 7220ஐ. திரும்பும் முகவரி என்பது கால் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு அடுத்த பைட். உங்கள் ஃபங்ஷனின் கடைசி இன்ஸ்ட்ரக்ஷனே, நிரலை அங்கேயே நிறுத்தும் அபார்ட்டைக் கூப்பிடுவது என்றால்? அபார்ட் திரும்பி வராது என்று கம்பைலருக்குத் தெரியும், அதனால் அதற்குப் பின் எதையும் எழுதாது. அடுத்த பைட் வேறொரு ஃபங்ஷனின் முதல் பைட்டாகவே இருக்கலாம். அந்த முகவரியை அப்படியே தேடினால் சம்பந்தமில்லாத ஃபங்ஷனின் பெயரும் தப்பான வரியும் கிடைக்கும். ஒன்றைக் கழித்தால் கால் இன்ஸ்ட்ரக்ஷனுக்குள்ளேயே விழுகிறோம். சொந்தமாக பேக்ட்ரேஸ் எழுதுபவர்கள் தவறாமல் இடறும் இடம் இது.

இனி மெம்காப்பிக்கு வருவோம். ஜிலிப்சியில் அது கையால் எழுதிய அசெம்பிளி. ஒன்றல்ல, பல: ஏவிஎக்ஸ் என்ற இன்ஸ்ட்ரக்ஷன் தொகுப்பு இருக்கும் சிபியுவுக்கு ஒன்று, எஸ்எஸ்இ2 மட்டும் இருந்தால் இன்னொன்று என்று போகும். நிரல் ஏறும்போது ஐஃபங்க் என்ற முறையில் அந்த சிபியுவுக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து இணைத்துவிடுகிறார்கள். மெம்காப்பிக்கும் மெம்மூவுக்கும் பெரும்பாலும் ஒரே குறியீடுதான், ஒரே முகவரிக்கு இரண்டு மூன்று பெயர்கள். நீங்கள் பார்த்த "மெம்மூவ், ஏவிஎக்ஸ், அன்அலைண்ட்" என்ற நீளப் பெயர் அப்படி வந்தது. பிழை ஒன்றுமில்லை.

கையால் எழுதிய அசெம்பிளிக்குக் கம்பைலர் அட்டவணை எழுதித் தராது, எழுதியவரே அந்த அட்டவணைக்கான சிஎஃப்ஐ குறிப்புகளைச் சேர்க்கவேண்டும். மெம்காப்பியில் இது சுலபம். அது ஸ்டாக்கைத் தொடுவதே இல்லை, எல்லா வேலையும் ரெஜிஸ்டரில். ஆக முதல் பைட் முதல் கடைசி பைட்வரை ஆர்எஸ்பி+8 என்ற ஒரே வரி போதும்.

மெம்காப்பி விழுந்த இடத்தில் டீபக்கர் சொல்லாத ஒரு தகவலையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். மெம்காப்பி தன் முதல் ஆர்க்யுமென்ட்டையே திருப்பித் தரவேண்டும். ஆகவே நுழைந்ததும், அந்த ஆர்க்யுமென்ட் வந்த ஆர்டிஐ ரெஜிஸ்டரை, திருப்பித் தரும் மதிப்புக்கான ஆர்ஏஎக்ஸில் நகலெடுத்து வைத்துவிடும். சுற்றுகளில் ஆர்டிஐ மாறிப்போனாலும் ஆர்ஏஎக்ஸில் சேருமிடத்தின் தொடக்கம் பத்திரமாக இருக்கும். விழுந்த இன்ஸ்ட்ரக்ஷனையும் பாருங்கள். நினைவகத்திலிருந்து ஏற்றுவது என்றால் மூலம் கெட்டிருக்கிறது, நினைவகத்தில் இறக்குவது என்றால் சேருமிடம். டீபக் தகவல் இல்லாமலே பாதி வழக்கு இங்கே முடிந்துவிடும்.

ஆனால் மெம்காப்பிக்குள் போவதற்கு முன்பே ஒரு வில்லங்கம் உண்டு. லேசி பைண்டிங் (லைப்ரரி ஃபங்ஷனின் முகவரியை முதல் அழைப்பின்போதுதான் தேடுவது) உள்ள நிரலில் முதல் அழைப்பு பிஎல்டி என்ற சின்னப் படிக்கட்டு வழியாகப் போகும். ஒவ்வொரு படியும் 16 பைட்: 6 பைட் ஜம்ப், 5 பைட் புஷ், மீண்டும் 5 பைட் ஜம்ப். புஷ் நடக்கும்வரை தூரம் 8, நடந்தபின் 16. நூற்றுக்கணக்கான படிகளுக்குத் தனித்தனியாக இரண்டிரண்டு வரி எழுதுவது வீண். கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் என்ன செய்கிறது தெரியுமா? எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சூத்திரம் எழுதுகிறது: ஆர்ஐபியின் (ஓடும் இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரி) கடைசி 4 பிட்டை எடு, அது 11 அல்லது அதற்கு மேல் என்றால் 8ஐக் கூடுதலாகச் சேர். 6+5=11, புஷ் முடியும் இடம். அட்டவணை என்று சொன்னாலும் உண்மையில் அது ஒரு குட்டி நிரல் மொழி. இப்படிக் கணக்கும் போடும். எனக்கு இந்த வரியை முதலில் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளிருந்து (நிரலை இடைமறித்துக் கர்னல் ஓடவைக்கும் ஃபங்ஷன்) பேக்ட்ரேஸ் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே திரும்பும் முகவரி எந்தக் கால் இன்ஸ்ட்ரக்ஷனிலிருந்தும் வந்ததல்ல. கர்னல் எல்லா ரெஜிஸ்டர்களையும் ஸ்டாக்கில் வைத்துவிட்டு, 15ஆம் எண் சிஸ்டம் காலை (பழைய நிலைக்கு மீட்டுவிடு என்று கர்னலிடம் கேட்பது) செய்யும் ஒரு துண்டுக் குறியீட்டுக்குத் திரும்பும்படி செய்திருக்கும். டீபக்கர்கள் பழக்கதோஷத்தில் 1ஐக் கழிப்பார்கள் என்று எதிர்பார்த்து, ஜிலிப்சியில் அந்தத் துண்டின் அட்டவணை ஒரு பைட் முன்னதாகவே தொடங்குகிறது. அதற்கும் மேலே இருக்கும், சிக்னல் வந்து தடைபட்ட ஃபங்ஷனுக்கு மட்டும் 1ஐக் கழிக்கவே கூடாது; அது விழுந்த இன்ஸ்ட்ரக்ஷனின் நேர் முகவரி.

காணாமல் போன ஃபங்ஷன். அதன் கடைசி வரி பெரும்பாலும் "மெம்காப்பி தருவதைத் திருப்பிக் கொடு" என்பதாக இருக்கும். சரிதானே? மெம்காப்பி முடிந்தபின் உங்கள் ஃபங்ஷனுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் கம்பைலர் கால் போடாமல் ஜம்ப் போட்டுவிடுகிறது. டெயில் கால் என்பது இதைத்தான். மெம்காப்பி நேராக உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிட்டவரிடமே திரும்பும். இடையில் இருந்தவர் வந்தார், போனார், ஸ்டாக்கில் தடயம் எதையும் விடவில்லை. முதலில் சொன்ன வந்த வழி, திரும்பும் வழி வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெளி ஃபிரேமின் திரும்பும் முகவரிக்கு முன்னால் இருக்கும் கால் இன்ஸ்ட்ரக்ஷனைப் பாருங்கள். அது கூப்பிடுவது "நகலெடு" என்ற ஃபங்ஷனை, ஆனால் உள்ளே நிற்பதோ மெம்காப்பி என்றால், இடையில் ஜம்ப் நடந்திருக்கிறது. பிஎல்டி வழிப் போவதை மட்டும் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள். ஜிடிபியும் இதே யோசனையைத்தான் செய்கிறது. டீபக் தகவலின் வடிவமான டுவார்ஃபில், 2017இல் வந்த 5ஆம் பதிப்பில், ஒவ்வொரு அழைப்பு இடத்தையும் அது கால் அல்லது ஜம்ப் என்று குறிக்க வசதி இருக்கிறது. ஜிசிசி அதற்கு முன்பே தன் சொந்த நீட்சியாக அதை எழுதி வந்தது. வெளியிலிருந்து உள்ளே போக ஒரே ஒரு ஜம்ப் பாதைதான் உண்டு என்றால், இல்லாத ஃபிரேமை ஜிடிபி வரவழைத்துக் காட்டும். பல பாதைகள் இருந்தால் ஊகிக்காது. அது நல்ல குணம். ஆனால் சங்கிலியின் கடைசி ஃபங்ஷன் டீபக் தகவல் இல்லாத லைப்ரரியில் இருந்தால் இந்த உதவியை எதிர்பார்க்காதீர்கள். பிழை தேடும் நாட்களில் டெயில் காலை உண்டாக்கும் சிப்ளிங் கால் ஆப்டிமைசேஷனை அணைத்துக் கம்பைல் செய்வது எனக்குப் பிடித்த குறுக்குவழி.

இன்லைன் ஆன ஃபங்ஷன் வேறு கதை. அதற்கு ஸ்டாக்கில் ஃபிரேமே கிடையாது. டீபக் தகவலில் "இந்த முகவரிகள் இன்ன ஃபங்ஷனிலிருந்து இங்கே ஒட்டப்பட்டவை" என்று இருப்பதைப் பார்த்துத்தான் டீபக்கர் அதைத் தனி வரியாகக் காட்டுகிறது. டீபக் தகவல் இல்லையென்றால் அந்த வரி மறைந்துவிடும், மற்றவை சரியாகவே இருக்கும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: மேலே ஏறும் வழியும் பெயர் சூட்டும் வழியும் இரண்டு தனித் தகவல்கள். ஏறுவதற்கு ஈஹெச் ஃப்ரேம், பெயருக்கு சிம்பல் அட்டவணை. ஸ்ட்ரிப் செய்த லைப்ரரியில் வெளியே தெரியும் பெயர்கள் மட்டுமே மிஞ்சும். உள்ளுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக் ஃபங்ஷனுக்குக் கேள்விக்குறி வரலாம், அல்லது சில கருவிகள் அதற்கு முன்னால் இருக்கும் ஏதோ ஒரு பெயரை ஒட்டிவிடலாம். பெயருக்குப் பின்னால் பல ஆயிரம் பைட் தள்ளி என்று காட்டினால் அந்தப் பெயரை நம்பாதீர்கள், ஆனால் அதை அடுத்து வரும் வரிகளைத் தாராளமாக நம்பலாம்.

தொடர்ந்து கேள்விக்குறிகளாக வந்தால்தான் கவலை. ஒருமுறை எங்களுக்கு வந்த ஒரு மூடிய லைப்ரரியில் ஹாஷ் போடும் அசெம்பிளி ஃபங்ஷன் ஒன்று இருந்தது. நடுவில் ஒரே ஒரு ரெஜிஸ்டரைத் தள்ளுகிறது. எழுதியவர் தொடக்கத்திலும் முடிவிலும் சிஎஃப்ஐ குறிப்பு வைத்திருந்தார், அந்த ஒரு புஷ்ஷுக்கு மட்டும் வைக்கவில்லை. ஆர்எஸ்பி 8 இறங்கிவிட்டது, அட்டவணைக்குத் தெரியாது. திரும்பும் முகவரி என்று டீபக்கர் எடுத்தது தள்ளி வைத்த ரெஜிஸ்டரின் மதிப்பை. அது எந்தக் குறியீட்டிலும் இல்லாத முகவரி, ஆகவே கேள்விக்குறி. ஒரு ஃபிரேம் தப்பினால் அதற்கு மேலுள்ள எல்லாமே தப்பும், ஏனென்றால் ஒவ்வொன்றும் முந்தையதன் ஆர்எஸ்பியை நம்பித்தான் கணக்கிடப்படுகிறது. அட்டவணை இல்லாமல் போவதைவிடத் தப்பான அட்டவணை மோசம். இல்லையென்றால் ஜிடிபி ஃபங்ஷனின் முதல் சில இன்ஸ்ட்ரக்ஷனைப் படித்து, ஆர்பிபி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று ஊகிக்கவாவது செய்யும். இருந்தால் அதை அப்படியே நம்பிவிடும்.

அப்படி வழி அடைபட்டால் கையால் தேடுங்கள். ஆர்எஸ்பியிலிருந்து அறுபது எழுபது சொற்களை (8 பைட் துண்டுகளை) சிம்பல் பெயருடன் அச்சிடுங்கள். குறியீட்டுப் பகுதிக்குள் விழும் ஒவ்வொரு மதிப்புக்கும் முந்தைய பைட்டுகளைப் பிரித்துப் பாருங்கள், அங்கே கால் இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கிறதா என்று. இருப்பதெல்லாம் உண்மையும் அல்ல. முன்பு முடிந்துபோன அழைப்புகளின் முகவரிகள் துடைக்கப்படாமல் ஸ்டாக்கில் கிடக்கும். பிரேக்பேட் போன்ற கிராஷ் கருவிகளும் கடைசிக் கட்டத்தில் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமும் அட்டவணையால் கிடைத்ததா, ஃபிரேம் பாயிண்டரால் கிடைத்ததா, துழாவியதில் கிடைத்ததா என்று தரம் பிரித்தும் காட்டுகின்றன. துழாவிக் கிடைத்த வரியைச் சாட்சியாக ஏற்காதீர்கள், துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஃபிரேம் பாயிண்டரைத் திரும்பக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகுமே" என்பார்கள். 2023இல் ஃபெடோரா 38உம், பிறகு உபுண்டு 24.04உம் தங்கள் பேக்கேஜ்களுக்கு அதைத் திரும்ப வைத்தன. முக்கியமாக, நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் ப்ரொஃபைலருக்காக. விநாடிக்கு ஆயிரம் முறை அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. பெர்ஃப் என்ற லினக்ஸ் ப்ரொஃபைலரின் டுவார்ஃப் முறை ஒவ்வொரு சாம்பிளுக்கும் 8192 பைட் ஸ்டாக்கை நகலெடுத்து வைத்துப் பிறகுதான் பிரிக்கிறது. ஆனால் மெம்காப்பி விஷயத்தில் ஃபிரேம் பாயிண்டர் காலை வாரிவிடும். மெம்காப்பி தனக்கென்று ஆர்பிபி அமைப்பதில்லை. உள்ளே நிற்கும்போது ஆர்பிபி இன்னும் கூப்பிட்டவருடையதுதான். அதைப் பிடித்து ஏறினால் கூப்பிட்டவரைக் கூப்பிட்டவர் கிடைப்பார். நமக்கு வேண்டிய ஆள் மட்டும் விடுபட்டுப்போவார்! ப்ரொஃபைலர் தகவலை வரையும் ஃபிளேம் கிராஃபில் மெம்காப்பி சம்பந்தமில்லாத ஃபங்ஷன்மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மற்ற தளங்களில் கொள்கை ஒன்றுதான். 64 பிட் விண்டோஸில் பிடேட்டா, எக்ஸ்டேட்டா என்ற பகுதிகளில் அட்டவணை. அதில் ஒரு ஃபங்ஷனுக்கு வரியே இல்லையென்றால், அது ஸ்டாக்கைத் தொடாத ஃபங்ஷன், திரும்பும் முகவரி ஆர்எஸ்பியிலேயே இருக்கிறது என்று பொருள். 64 பிட் ஆர்மில் திரும்பும் முகவரி ஸ்டாக்கிலேயே இல்லாமல் எக்ஸ்30 ரெஜிஸ்டரில் இருக்கலாம், அட்டவணை அதையும் சொல்லும்.

உங்கள் நிரலுக்கு இப்போது செய்யவேண்டியது: ஜிலிப்சியின் டீபக் தகவலை நிறுவுங்கள், அல்லது ஜிடிபி 10 முதல் உள்ள டீபக்இன்ஃபோடி வசதியை இயக்குங்கள், அது பில்ட் ஐடியை (அந்தக் கோப்புக்கே உரிய அடையாள எண்) பார்த்துத் தானே இறக்கிக்கொள்ளும். கோர் கோப்பை (விழுந்த நேரத்து நினைவகத்தின் பதிவு) வேறு கணினியில் திறக்கிறீர்கள் என்றால் முதலில் அங்குள்ள ஜிலிப்சியின் பில்ட் ஐடியை ஒப்பிட்டுப் பாருங்கள். கோர் கோப்பில் வழக்கமாக ஸ்டாக்கும் தரவும்தான் முழுதாக இருக்கும், லைப்ரரியின் குறியீட்டையும் அட்டவணையையும் டீபக்கர் அந்தக் கணினியின் கோப்பிலிருந்தே எடுக்கும். பதிப்பு வேறாக இருந்தால் வேறொரு மெம்காப்பியின் அட்டவணையை வைத்து உங்கள் ஸ்டாக்கைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.